கைவேலைப் பொன், வெள்ளி நகைகளைப் பேணுதல்: ஒரு வரலாறு

முன்னுரை

ஒரு நகை பட்டறையில் பிறக்கிறது. என்றோ ஒருநாள் உருக்கும் மூசையில் முடிகிறது. இடைப்பட்ட ஐம்பது, நூறு ஆண்டுகள் அது ஒரு வீட்டில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் அதை யார் கழுவினார்கள், எதைக் கொண்டு துலக்கினார்கள், அறுந்தபோது யாரிடம் கொடுத்தார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. நகைகளின் வடிவங்களைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவற்றைப் பேணிய முறையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. தமிழகத்தில் கையால் செய்யப்பட்ட பொன், வெள்ளி நகைகளை மக்கள் எவ்வாறு பேணினர், அம்முறை எப்படி மாறியது, இன்று நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பேணுதல் என்றவுடன் பலரும் பளபளப்பாக்குவதையே நினைக்கிறோம். ஆனால் கடுமையாகத் துலக்கும் ஒவ்வொரு முறையும் நகையிலிருந்து சிறிதளவு உலோகம் போகிறது. பழைய வழக்கத்தில் நகையைப் பேணுவது என்றால் மூன்று செயல்கள்: அதன் எடையையும் அமைப்பையும் தெரிந்து வைத்திருத்தல், அழுக்கை மட்டும் நீக்குதல், பழுதை உரிய நேரத்தில் சரிசெய்தல். இவற்றுள் முதலாவதை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

பொன்னின் இயல்பும் வெள்ளியின் இயல்பும்

தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்தார். முதுமக்கள் தாழிகளுடன் இரும்புக் கருவிகளும் மெல்லிய பொற்பட்டங்களும் கிடைத்தன. இரும்பு துருப்பிடித்திருந்தது. பொன் தகடு பொன்னாகவே இருந்தது. பொன் காற்றோடும் நீரோடும் எளிதில் வினைபுரிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

அப்படியானால் நம் வீட்டுச் சங்கிலி ஏன் மங்குகிறது? தூய பொன் மிக மென்மையானது. அதில் நகை செய்தால் வளைந்து நெளிந்துவிடும். எனவே செம்பும் வெள்ளியும் கலக்கிறார்கள். 22 கேரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு பொன், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 91.6. மீதமுள்ள பங்கில் இருக்கும் செம்புதான் வியர்வையோடும் காற்றோடும் வினைபுரிந்து நிறம் மாறுகிறது. அதன்மேல் எண்ணெய், மஞ்சள், சோப்பு, தூசி ஆகியவை படிகின்றன. நகை மங்குவதற்குப் பெரும் காரணம் இந்தப் படிவுதான்.

வெள்ளியின் கதை வேறு. காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து, கறுப்பு நிற வெள்ளி சல்பைடு உண்டாகிறது. முட்டை தொட்ட வெள்ளிக் கரண்டி கறுப்பதும், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய கொலுசில் அந்த இடம் மட்டும் கறுத்து நிற்பதும் இதனால்தான். கறுப்பு என்பது வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு அன்று. வெள்ளியின் ஒரு பகுதியே அப்படி மாறியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்தால் வெள்ளியையும் சேர்த்தே எடுக்கிறோம்.

கல்லில் எழுதிய நகைப் பதிவேடு

முதலாம் இராசராசன் தஞ்சையில் எழுப்பிய பெரிய கோயில் 1010ஆம் ஆண்டு முடிவுற்றது. அரசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் கொடுத்த பொற்கலங்களும் நகைகளும் அக்கோயிற் சுவர்களில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. படிப்பவருக்கு முதலில் சலிப்பே தோன்றும். ஒரு நகை, அதன் பெயர், அதில் கோத்த முத்துகளின் எண்ணிக்கை, முத்துகளின் வகை, எடை, விலை என்று வரி வரியாகச் செல்லும்.

நிதானமாகப் பார்த்தால் அது உலகின் மிக நேர்த்தியான நகைப் பதிவேடுகளில் ஒன்று என்பது புரியும். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல் பயன்பட்டது. மணிகள் பதித்த நகைகளை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்ற வேறொரு கல் இருந்தது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை சொல்லப்படுகிறது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னின் மாற்றைச் சொல்லத் 'தண்டவாணி' என்னும் தரம் அளவுகோலாக இருந்தது.

இவற்றுள் பேணுதலுக்கு மிகத் தேவையான செய்தி வேறொன்று. பல நகைகளின் எடையைச் சொல்லும்போது, அது உள்ளிருக்கும் அரக்கையும் சேர்த்து நிறுத்த எடை என்பதைக் கல்வெட்டு வெளிப்படையாகக் கூறுகிறது. ஏன்? நாளை ஒருவர் அந்த நகையை மீண்டும் நிறுக்கலாம். அரக்கு சிறிது உதிர்ந்திருக்கலாம், ஒரு முத்து விழுந்திருக்கலாம். குறைந்தது எது என்று அறியவேண்டுமானால், முதல் நாள் எதை நிறுத்தோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை எழுதியவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள்.

நகையின் உள்ளே இருப்பது

இயந்திரத்தில் வார்த்தெடுக்கும் நகை பெரும்பாலும் ஒரே துண்டு. கைவேலை நகை பல துண்டுகளின் கூட்டு. பத்தர் பொன்னை மூசையில் உருக்கிக் கட்டியாக்குவார். அதைத் தட்டித் தகடாக்குவார். அச்சின் துளைகள் வழியே இழுத்துக் கம்பியாக்குவார். அரும்பு, மணி, இதழ், வளையம் எனத் தனித்தனியே செய்து, வெண்காரம் தடவி, ஊதுகுழலால் தீயை ஊதிப் பற்றவைப்பார். பற்றவைக்கும் பொடி, நகையின் பொன்னைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகவேண்டும். எனவே அதில் பொன்னின் பங்கு சற்றுக் குறைவாக இருக்கும். பழைய நகையில் இணைப்புகள் மட்டும் முதலில் நிறம் மங்குவதற்கும், பொத்தல் விழுவதற்கும் இதுவே காரணம்.

பல நகைகள் உள்ளே வெற்றிடம் கொண்டவை. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து மூதாட்டிகள் அணிந்த தண்டட்டி பார்வைக்குப் பெரிது. ஆனால் அது மெல்லிய பொன் தகட்டின் உள்ளே அரக்கு நிரப்பிச் செய்யப்பட்டது. தகடு நசுங்காமல் தாங்குவது அரக்கின் வேலை. அரக்கு சூட்டில் இளகும். எனவே அத்தகைய நகையைக் கொதிநீரில் போடுவது அதன் எலும்பை உருக்குவதற்கு ஒப்பாகும்.

கல் பதித்த அட்டிகை, பதக்கம், நெற்றிச்சுட்டி போன்றவற்றில் இன்னொரு நுட்பம் உண்டு. சிவப்புக் கல்லுக்கு அடியில் ஒளியைத் திருப்பி அனுப்புவதற்காக மெல்லிய தகடு ஒன்றை வைத்து, பின்புறத்தை முழுவதும் மூடிவிடுவார்கள். கல் ஒளிர்வது பாதி கல்லாலும் பாதி அந்தத் தகட்டாலும்தான். நீர் உள்ளே புகுந்தால் தகடு கறுக்கும். கல்லும் ஒளியிழந்து தோன்றும். நாகர்கோவில் அருகே வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பரத நாட்டியக் கலைஞர்கள் விரும்பி அணியும் அந்நகைகளில் வெள்ளிமேல் பொன் இழை பதித்துச் சிவப்புக் கற்களை அமைக்கிறார்கள். அழுத்தித் தேய்த்தால் அந்தப் பொன் இழையே தேய்ந்துபோகும்.

நகையின் உள்ளே இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழர்க்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்கே ஒரு சிலம்பின் உள்ளே இருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்பதில்தான் முடிந்தது.

வீட்டு முறைகளும் அவற்றின் அறிவியலும்

நம் வீடுகளில் வழிவழியாக வந்த துலக்கும் பொருள்கள் சில. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூந்திக்கொட்டை: இதன் தோலில் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் உள்ளது. அது எண்ணெய்ப் பசையை நீரோடு கலக்கச் செய்கிறது. உலோகத்தைத் தாக்குவதில்லை. பத்தர்களின் பட்டறையில் இதற்கு என்றும் இடம் உண்டு. விதையை நீக்கித் தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அந்த நீரில் கல் இல்லாத பொன் நகையைச் சற்று நேரம் வைத்து, மிருதுவான தூரிகையால் வருடினால் போதும்.

புளி: இதில் டார்டாரிக் அமிலம் உள்ளது. செம்பின் ஆக்சைடைக் கரைக்கும். பித்தளைக் குடம் பளிச்சிடுவது இதனால்தான். பொன்னில் உள்ள செம்பின் மங்கலையும் இது போக்கும். ஆனால் முத்து, பவளம் பதித்த நகைக்குப் புளி ஆகாது. இரண்டும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. சுண்ணக்கட்டியின்மேல் அமிலம் விட்டால் நுரைத்துக் கரைவதைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். முத்தின் மேற்பரப்பிலும் மெதுவாக அதுவே நடக்கும்.

திருநீறு: மிக நுண்ணிய சாம்பல். வெள்ளியின் லேசான கறுப்பை மெல்லத் தேய்த்து எடுக்கும். நன்கு சலித்ததாக இருக்கவேண்டும். ஒரு மணல் துகள் இருந்தாலும் கீறல் விழும்.

செங்கல் பொடியும் பற்பசையும்: இரண்டும் கூடாது. பொன்னும் வெள்ளியும் மோஸ் கடினத்தன்மை அளவில் 2.5 முதல் 3 வரைதான். செங்கல் பொடியில் உள்ள மணலும், பல பற்பசைகளில் சேர்க்கும் சிலிக்காவும் அதைவிடக் கடினமானவை. தேய்த்தவுடன் பளபளப்பதுபோல் தோன்றும். உண்மையில் பழைய மேற்பரப்பைச் சுரண்டிப் புதிய மேற்பரப்பை வெளிக்காட்டியிருக்கிறோம்.

அந்தப் பழைய மேற்பரப்பு ஏன் அருமையானது? பொற்கொல்லர்கள் பல நாடுகளிலும் அறிந்த ஒரு முறை உண்டு. நகை முடிந்தபின் படிகாரம், உப்பு, வெடியுப்பு போன்றவை சேர்ந்த கலவையில் சூடாக்குவார்கள். மேற்புறத்தில் உள்ள செம்பும் வெள்ளியும் கரைந்து, பொன் மிகுந்த மெல்லிய படலம் நிற்கும். பழைய நகைகளின் ஆழ்ந்த மஞ்சள் நிறத்துக்கு இத்தகைய மெருகு ஒரு காரணம். அந்தப் படலம் மிகவும் மெல்லியது. சில முறை அழுத்தித் தேய்த்தால் போய்விடும். பாட்டி காலத்து நகை பாலிஷ் செய்தபின் வேறு நிறமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1963: பட்டறை வாசல் அடைபட்டது

முன்பு நகை பழுதானால் செய்த பத்தரிடமே போகும். அவர் தெருவிலோ பக்கத்து ஊரிலோ இருப்பார். திருமணத்துக்குத் தாலி செய்தவரே சில ஆண்டுகள் கழித்துக் குழந்தைக்கு அரைஞாணும் தண்டையும் செய்வார். எந்த நகையில் அரக்கு இருக்கிறது, எந்த இணைப்பு மெலிந்தது என்பது அவருக்கு நினைவில் இருக்கும். நகையின் பதிவேடு அவர் தலைக்குள் இருந்தது.

சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரியில் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. அப்போது நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். அன்னியச் செலாவணி கரைவதையும் தங்கக் கடத்தலையும் தடுப்பது நோக்கம். புதிய நகைகள் 14 கேரட்டுக்கு மேற்படக்கூடாது என்று விதிக்கப்பட்டது. அதாவது நூற்றுக்கு 58 பங்கு அளவே பொன். 22 கேரட்டுக்குப் பழகிய மக்கள் அந்த நகையை வாங்க மறுத்தனர். நாடு முழுவதும் பொற்கொல்லர்கள் வேலை இழந்தனர். வறுமையால் சிலர் தற்கொலை செய்துகொண்ட துயரமும் நிகழ்ந்தது.

14 கேரட் கட்டுப்பாடு 1966இல் நீக்கப்பட்டது. ஆயினும் 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், பொற்கொல்லர் வைத்திருக்கும் பொன்னின் அளவையும் கணக்கையும் கட்டுப்படுத்தியது. அச்சட்டம் 1990இல்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. இடையில் ஏறத்தாழ ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. பட்டறையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுகுழல் பிடிக்கவேண்டிய பிள்ளைகள் பலர் வேறு தொழிலுக்குச் சென்றனர். பின்னர் பெரிய நகைக்கடைகளும் வார்ப்பு இயந்திரங்களும் வந்தன. எஞ்சிய பத்தர்களில் பலர் கடைகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுப்பவர்களானார்கள். நகையை அணிபவருக்குச் செய்தவரைத் தெரியாது. செய்தவருக்கு அணிபவரைத் தெரியாது. நகையின் உள்ளே இருப்பதை அறிந்த ஆள் பெரும்பாலும் இல்லாமற்போனார்.

ஓர் அட்டிகையின் கதை

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் பாட்டியிடம் ஒரு கல் அட்டிகை இருந்தது. அதை அவர் ஒருநாளும் நீரில் முக்கியதில்லை. பூந்திக்கொட்டை நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முன்புறத்தை ஒற்றி எடுப்பார். உலர்ந்த துணியில் ஒருமணி நேரம் நிழலில் வைத்துப் பிறகே பெட்டியில் போடுவார். பெட்டிக்குள் மடித்த காகிதத் துண்டு ஒன்று இருக்கும். அதில் பத்தர் கையெழுத்தில் 'சவரன் 4¾, அரக்கு கல் உட்பட' என்று எழுதியிருக்கும்.

1996இல் என் தங்கை திருமணத்துக்காக அந்த அட்டிகையைக் கடை ஒன்றில் பாலிஷ் போடக் கொடுத்தோம். அங்கே இயந்திரத்தில் நீரில் அமிழ்த்தி அதிரவைத்துச் சுத்தம் செய்தார்கள். திரும்பி வந்தபோது பொன் புதிதுபோல் மின்னியது. ஆனால் மூன்று சிவப்புக் கற்கள் சாணிக் கல்போல் மங்கிக் கிடந்தன. எடையைப் பார்த்தோம். 4¾ சவரன் என்பது கிராமில் ஏறத்தாழ 37.9. கடையில் நிறுத்த எடை 36.4. ஒன்றரை கிராம் குறைவு. கேட்டதற்கு, "அழுக்கு போயிருக்கும்மா" என்றார்கள்.

எங்கள் ஊரில் அப்போது உயிரோடிருந்த வயதான பத்தர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பின்புறத்தைப் பார்த்தார்.

"கல்லுக்கு ஒண்ணும் ஆகலை டீச்சர். அடியில இருக்கிற தகடு நனைஞ்சு கறுத்துப்போச்சு. அரக்கும் ஒரு ஓரமா உதிர்ந்திருக்கு. உள்ள என்ன இருக்குன்னு கேக்காம வேலை செஞ்சா இப்படித்தான் ஆகும்."

"பொன் குறைஞ்சிருக்குமா ஐயா?"

"அரக்கு எவ்வளவு, கல் எவ்வளவுன்னு தனித்தனியா எழுதியிருந்தா சொல்லலாம். மொத்தமா எழுதிட்டாங்களே."

அழுக்கு எவ்வளவு, அரக்கு எவ்வளவு, பொன் எவ்வளவு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எனவே கடைக்காரர்மேல் பழி சொல்லவும் என்னால் முடியவில்லை. பத்தர் மூன்று கற்களையும் கழற்றித் தகடு மாற்றிப் பதித்துக் கொடுத்தார். எஞ்சிய கற்களைவிட அவை இப்போதும் சற்று வெளிர்நிறமாகத் தெரியும். அவர் காலமானபின் அவர் பட்டறையில் ஒரு கைப்பேசிக் கடை வந்தது.

நீரைவிடக் கொடியவை

அட்டிகையைக் கெடுத்தது வெறும் நீர். வேறு சில பொருள்கள் பொன்னையே தாக்கும்.

முதலாவது பாதரசம். நான் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், காற்றழுத்தமானியை விளக்கும்போது சிந்திய ஒரு துளிப் பாதரசம் என் மோதிரத்தில் பட்டது. சில நொடிகளில் மோதிரத்தின் ஒரு பக்கம் வெள்ளிபோல் வெளுத்தது. பாதரசம் பொன்னோடு கலந்து இரசக்கலவை ஆகிவிடும். துடைத்தால் போகாது. அதை வீட்டு அடுப்பில் சூடாக்கிப் போக்க நினைப்பது பெரும் ஆபத்து. எழும் ஆவி நஞ்சு. உடைந்த பழைய வெப்பமானியைத் தொடும் முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது குளோரின். பிளீச்சிங் பவுடர் கரைசலும் நீச்சல் குளத்து நீரும் நகையின் கலப்பு உலோகத்தை, குறிப்பாகப் பற்றவைத்த இணைப்புகளை, நாளடைவில் அரிக்கும். கழிவறை கழுவும் கையில் மோதிரம் வேண்டாம்.

மூன்றாவது இராஜ திராவகம். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த இக்கலவை பொன்னையே கரைக்கும். வீடு தேடி வந்து நகையைப் பளபளப்பாக்கித் தருவதாகச் சொல்பவர்கள் இதையே மோசடிக்குப் பயன்படுத்துகிறார்கள். முதலில் ஒரு பித்தளை விளக்கைத் துலக்கிக் காட்டி நம்பிக்கை பெறுவார்கள். பிறகு சங்கிலியைக் கரைசலில் முக்கி எடுத்து, மஞ்சள் தடவி, பாத்திரத்தில் மூடிவைத்து, சிறிது நேரம் கழித்துத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திறந்து பார்த்தால் நகை இருக்கும், எடை இருக்காது. கரைசலில் போன பொன்னை அவர்கள் பிரித்தெடுத்துக்கொள்வார்கள். தனியே இருக்கும் முதியோர் வீடுகளில் இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

அருங்காட்சியகம் கற்றுத்தரும் பாடம்

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், களிம்பு ஏறிய பழஞ்செப்புப் பொருள்களை மின்பகுப்பு முறையில் மீட்கும் பணியில் ஈடுபட்டார். களிம்பைச் சுரண்டாமல், மின்வேதி வினையால் மாற்றுவது அதன் அடிப்படை.

வெள்ளியின் கறுப்புக்கு இன்று வீடுகளில் செய்யும் அலுமினியத் தாள் முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெந்நீரும் சமையல் சோடாவும் சேர்த்து, வெள்ளியைத் தாளின்மேல் படும்படி வைத்தால், கந்தகம் வெள்ளியை விட்டு நீங்குகிறது. கறுப்பாக மாறியிருந்த வெள்ளி மீண்டும் வெள்ளியாகவே படிகிறது. தேய்மானம் இல்லை. கல் பதித்ததற்கும், அரக்கு உள்ளதற்கும் இதைச் செய்யக்கூடாது. வேலைப்பாட்டின் பள்ளங்களில் செய்தவரே கறுப்பை வேண்டுமென்று நிறுத்தியிருந்தால் அதுவும் போய்விடும். பூவும் கொடியும் தட்டையாகத் தெரியும். அத்தகைய நகையில் மேடான பகுதிகளை மட்டும் துணியால் துடைப்பது நல்லது.

திரும்பப் பெறமுடியாத எதையும் பொருளின்மேல் செய்யாதே, செய்வதற்கு முன்னும் பின்னும் எழுதிவை என்பது பாதுகாப்பாளர்களின் விதி. தஞ்சைக் கல்வெட்டை எழுதியவர்களுக்கு இந்த விதியின் பிற்பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இன்று செய்யவேண்டியவை

1. நகையை முன்னும் பின்னும் படமெடுங்கள். எடையை நிறுத்து எழுதுங்கள். கல் எத்தனை, முத்து எத்தனை, அரக்கு உள்ளதா, யார் செய்தது, எந்த ஆண்டு, எதைப் பழுதுபார்த்தோம் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். புதிதாகச் செய்வதாக இருந்தால் கல்லின் எடையையும் அரக்கின் எடையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

2. குளித்தபின், எண்ணெயும் நறுமணப் பூச்சும் பூசி முடித்தபின் நகை அணியுங்கள். கழற்றியவுடன் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். இந்த ஒரு பழக்கம் ஆண்டுக்கொரு பாலிஷைத் தவிர்க்கும்.

3. கல் இல்லாத பொன் நகையை வெதுவெதுப்பான நீரும் பூந்திக்கொட்டையும் கொண்டு கழுவலாம். வடிகட்டி இல்லாத தொட்டியின்மேல் கழுவாதீர்கள். ஒரு கிண்ணத்தில் கழுவுங்கள். மூடிய அமைப்பில் கல் பதித்ததை நீரில் முக்காதீர்கள்.

4. ஒவ்வொரு நகையையும் தனித்தனித் துணியில் வையுங்கள். பொன் பொன்னோடு உரசினாலும் தேயும். வெள்ளியை ரப்பர் வளையத்தால் கட்டாதீர்கள். பெட்டியில் ஈரம் சேராமல் இருக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போடலாம்.

5. கொக்கி, வளையம், தாலிக் குண்டுகளின் துளை ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். மெலிந்தது தெரிந்தால் அறுவதற்குமுன் சரிசெய்யுங்கள். முடிந்தால் கைவேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். உங்கள் முன்னிலையில் நிறுத்துக் கொடுத்து, நிறுத்து வாங்குங்கள்.

ஹால்மார்க்கும் பழைய நகையும்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் பொன் நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரையை 2000ஆம் ஆண்டும், வெள்ளிக்கு 2005ஆம் ஆண்டும் கொண்டுவந்தது. 2021 ஜூன் 16 முதல் பொன் நகைகளுக்கு இது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளமும் வந்துவிட்டது. வாங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஆயினும் முத்திரை சொல்வது பொன்னின் தரத்தை. நகையின் வேலைப்பாட்டை அது சொல்லாது. முத்திரை இல்லாத பழைய கைவேலை நகையைக் கடைக்குக் கொண்டுசென்றால், அரக்கும் கல்லும் கழித்து, சேதாரமும் செய்கூலியும் கணக்கில் இல்லாமல், பொன்னின் எடைக்கு மட்டும் விலை கிடைக்கும். பிறகு நகை மூசைக்குள் போகும். தண்டட்டிகளும் பாம்படங்களும் பெருமளவு இப்படித்தான் மறைந்தன. வறுமையில் விற்றவர்களை யாரும் குறைசொல்ல முடியாது. "பழைய மாடல், மங்கிப்போச்சு" என்று மாற்றியவர்களும் நம்மிடையே பலர்.

முடிவுரை

நகையைப் பேணுவதில் பொருட்செலவு அதிகமில்லை. பூந்திக்கொட்டையும் பழந்துணியும் ஒரு நோட்டும் போதும். செய்தவர் மறைந்துவிட்டால், அவர் நினைவில் இருந்த செய்திகளை நாம்தான் எழுதிவைக்கவேண்டும். என் பாட்டியின் அட்டிகை இப்போது என் தங்கை மகளிடம் இருக்கிறது. பெட்டிக்குள் பத்தர் எழுதிய பழைய துண்டை அப்படியே வைத்திருக்கிறோம். அதன் அருகில் இரண்டாவது தாள் ஒன்று உள்ளது. அதில் 1996இல் நடந்ததும், மாற்றிப் பதித்த மூன்று கற்கள் எவை என்பதும், இப்போதைய எடையும், 'நீரில் முக்காதே' என்ற வரியும் எழுதப்பட்டுள்ளன. மாணவர்கள் இந்த விடுமுறையில் தங்கள் வீட்டு மூத்தவர்களிடம் அமர்ந்து, ஒரே ஒரு பழைய நகைக்காவது இப்படி ஒரு தாள் எழுதித் தரலாம்.